மிக்ஸியும் ஓடணும், மிசினும் ஓடணும்

மெதுவா ஏறுங்க சார். இந்தக் கம்பியப் புடிச்சு, அந்தப் படியில கால வெச்சு... ஆங், அவ்வளவுதான். கார்ல குனிஞ்சு ஏறிப் பழகுனவங்களுக்கு லாரியில நிமுந்து ஏற வராது, அது ஒண்ணும் குத்தமில்ல. உங்க வண்டிய ஒர்க்‌ஷாப்காரன் வந்து இழுத்துட்டுப் போவான், விடுங்க. நான் சங்ககிரி போறவன். உங்களச் சேலத்துல எறக்கி விட்டுட்டுப் போறேன். பேரு நாச்சிமுத்துங்க. இது என்ற சொந்த வண்டி.

போன்ல சார்ஜ் இல்லீங்களா? அந்தா, பின்னால படுக்கைக்குக் கீழ பிளக்கு இருக்குது பாருங்க, வீட்ல இருக்கற மாதிரியே. அதுல குத்துங்க. உங்க போனுக்கு ஒண்ணும் ஆகாது. இன்வெர்ட்டர் சார் அது. மிக்ஸியே ஓடும். மிக்ஸி எங்கயா? உங்க காலுக்குப் பின்னால அட்டப்பெட்டிக்குள்ள இருக்குது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. லாரியில இன்வெர்ட்டர் மாட்டுனா சம்சாரம் நம்மகூட வராது.

சிரிக்கறீங்க. பட்டவன் சொல்றேன் சார்.

என்ற சம்சாரம் பேரு சாந்தாமணி. வீட்ல அவ இருக்கறதே தெரியாது. கேட்டதுக்கு ஒரு வார்த்த, கேக்காததுக்கு அதுவுமில்ல. எங்க பங்காளி வீட்ல ஊமக்கொட்டான்னுதான் அவளுக்குப் பேரு. ஒரே புள்ள, அதையும் கட்டிக் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் ஒரு நா, மத்தியானச் சோறு தின்னுபோட்டு செத்த படுத்தேன். கண்ணு முழிச்சா பக்கத்துல ஒக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறா. என்ன புள்ளேன்னேன். "நானும் உங்ககூட லாரியில வர்றனுங். வீட்ல ஒண்டியா இருக்க ஒரு மாதிரியா இருக்குதுங்" அப்டின்னா. சரி பாவம், ஊரு நாட்டப் பாக்கோணும்னு ஆச போலன்னு கூட்டிட்டுக் கெளம்புனேன்.

சார், நீங்க நம்பமாட்டீங்க. வண்டி கெளம்புச்சுன்னா அவ வாயி நிக்காது. அந்த ஊமக்கொட்டானா இவன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. யாரு வீட்ல என்ன கொழம்பு வெச்சாங்கங்கறதுல இருந்து அவ தங்கச்சி கொழுந்தனுக்குப் பொண்ணு அமையாத கத வரைக்கும் விடாம சொல்லுவா. சொல்ல ஒண்ணும் இல்லாட்டி விடுகத போடுவா. நான் வெட தெரியாதுன்னா விடமாட்டா, "ரோசன பண்ணுங், ரோசன பண்ணுங்"ன்னு தோளப் புடிச்சு ஆட்டுவா. நடுவுல பொட்டுக்கடல, இஞ்சி மொரப்பா, வேர்க்கடலன்னு ஏதாச்சும் ஒண்ண வாயில திணிச்சுட்டே இருப்பா. லாரிக் காத்து பட்டதும் பொம்பள பூத்துப் போயிட்டான்னு நெனச்சேன். மகராட்டிரா, குசராத்து, ஒரிசான்னு சில வருசம் என்கூடவே சுத்துனா சார். மத்த டிரைவருங்கெல்லாம், "அண்ணனுக்கென்ன, ஹனிமூனுக்கே லாரில போறாரு"ன்னு கிண்டலடிப்பானுங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருக்கும். பொய் சொல்லக் கூடாது.

ஆனா அவகிட்ட ஒரு வியாதி இருந்துச்சு. தூக்கமே வராது.

நெசமா சார். வண்டிய ஓரங்கட்டி நான் படுத்தா, அவ படுக்கமாட்டா. நான் எப்ப முழிச்சுப் பாத்தாலும் ஒக்காந்திருப்பா. கைய என்ற நெஞ்சு மேல வெச்சிருப்பா. இல்லீன்னா என்னையப் புடிச்சு ஆட்டி எழுப்பி, "திரும்பிப் படுங்"ம்பா. ஏன்டி தூங்காம என்னையும் தூங்கவிடாம இம்ச பண்றேன்னு எத்தன தடவ கத்தியிருக்கறேன். கேட்டுட்டு மறுபடி கைய என்ற நெஞ்சு மேலயே வெப்பா. கண்ணுக்குக் கீழ கருவளையம் விழுந்து, ஆளு தேஞ்சு போனா. எனக்கு மனசு கேக்கல. கட்டுன பொண்டாட்டி சார், நாம பாக்காம யாரு பாப்பா?

அதுல இன்னொண்ணு, பயம். சும்மா சும்மா பயப்படுவா. ஒருக்கா சித்ரதுர்கா தாண்டிப் போயிட்டு இருக்கறோம், நான் ஏதோ ரோசனையில கண்ண மூடுனேன். போட்டா பாருங்க ஒரு கூச்சல். என்ன ஆயிப்போச்சு இப்பன்னு பாத்தா, வண்டி கொஞ்சம் ஓரமாப் போயிருந்துச்சு. அவ்வளவுதான். ஓரத்துல ஒரு கிலோமீட்டர் கல்லு நட்டிருந்தாங்க, அது சாஞ்சிருச்சு. கல்லத் திரும்ப நட்டுக்கலாம், அதுக்கு எதுக்கு இவ்வளவு அழுவைங்கறேன். அப்புறம் ஒருக்கா டோல்கேட்டு வரிசையில நின்னுட்டு இருக்கறப்ப, முன்னாடி இருந்த வண்டியெல்லாம் போயி, பின்னாடி இருக்கறவனுங்க ஆரன் அடிக்கறானுங்க, டோல்காரன் வந்து கதவத் தட்டறான். நான் கணக்குப் போட்டுட்டு இருந்தேன் சார் மனசுக்குள்ள. டீசல் கணக்கு.

என்ன சார், கம்பிய இந்தப் புடி புடிக்கறீங்க? அதெல்லாம் பழைய கத. இப்ப ராசா மாதிரி தூங்கி எந்திரிச்சுட்டுத்தான் வர்றேன். பயப்படாம ஒக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், அவ வியாதி. ஈரோட்டுல ஒரு டாக்டருகிட்ட அவளக் கூட்டிட்டுப் போனேன். ஐயா, இவளுக்குத் தூக்கமே வர்றதில்லீங்க, ஒரு மாத்திர எழுதிக் குடுங்கன்னேன். அவரு அவளப் பாத்து, "ஏம்மா தூங்கறதில்ல?"ன்னாரு. இவ குனிஞ்சுட்டே, "இவருக்குத் தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு போகுதுங் டாக்டர். நான் தூங்கிட்டா யாருங் எழுப்பறது?"ன்னா. அந்தாளு அவள விட்டுட்டு என்னையப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. கழுத்து அளவெடுக்கறாரு, வாயத் தொறக்கச் சொல்றாரு, கொறட்ட உண்டாங்கறாரு. கொறட்ட எந்த ஆம்பளைக்கு இல்ல? அங்கயே ஒரு நா படுக்கப் போட்டு மண்ட பூரா ஒயரா ஒட்டிட்டாங்க. புள்ளையாரு புடிக்கப் போயிக் கொரங்கான கத சார். வைத்தியம் பாக்க வந்தது அவளுக்கு, ஒயர் மாட்டுனது எனக்கு.

கடைசியில சொல்றாரு, "உங்களுக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்குது. ஒடம்பு தூங்கறதே இல்ல. அதனாலதான் பகல்ல கண்ணு சொருகுது. காத்த அழுத்தி மூக்குல விடற மிசின் ஒண்ணு இருக்குது. எப்பப் படுத்தாலும் அத மாட்டிட்டுத்தான் படுக்கணும். அது இல்லாம ஸ்டியரிங்கத் தொடாதீங்க"ன்னு. மூச்சு நின்னா மனுசன் இருப்பானா சார்? நான் இருக்கறேனே. ஆனா சாந்தாமணி டாக்டரு ரூமுலயே சேலத் தலப்ப வாயில வெச்சுட்டு அழுவறா. சரி, இவ நிம்மதிக்கோசரம் மாட்டித் தொலைவோம்னு வாங்கிட்டேன். வீட்ல மாட்டிப் பாத்தோம், நல்லாத்தான் ஓடுச்சு. நான் வீட்ல எங்க இருக்கறேன்? என்ற வீடே இதுதான. லாரில கரண்டுக்கு எங்க போறது?

சாந்தாமணி ஒரே முடிவாச் சொல்லிப்போட்டா. "லாரிக்குள்ள இந்த மிசின் ஓடோணும். ஓடாட்டி வண்டிய வித்துப்போட்டு ஊட்டுல இருங்." சார், இந்த வண்டி இல்லீன்னா நான் ஆளே இல்ல. இருவது வயசுல ஸ்டியரிங் புடிச்ச கையி. வீட்ல ஒக்காந்து சீரியலா பாக்கறது?

அப்பத்தான் எனக்கு மண்டையில ஒரு வெளிச்சம் அடிச்சுது. மிசின் ஓடற கரண்டு வந்தா மிக்ஸியும் ஓடுமே. பாவம், அவ கேஸ் அடுப்பப் பத்த வெச்சு, சின்ன ஒரலு ஒண்ணு வெச்சுட்டு, இந்தச் சீட்டுக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு சட்னி இடிப்பா சார். ஒரு மிக்ஸி, ஒரு ரைஸ் குக்கரு, ஒரு ஃபேனு வெச்சுக் குடுத்தம்னா மகாராணி மாதிரி வருவால்ல? அவகிட்டச் சொன்னேன். "எனக்கு மிக்ஸியெல்லாம் வேண்டாமுங். அந்த மிசின் மட்டும் ஓடுனாப் போதும்"ங்கறா. பொம்பளைங்க வேண்டாம்னா வேணும்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?

எங்கூர்ல சென்னியப்பன்னு ஒரு ஒயரிங் பையன். பையன்னா என் வயசுதான், சின்னதுல இருந்து அப்டியே கூப்புட்டுப் பழகிப்போச்சு. அவன் ஒரு இன்வெர்ட்டரக் கொண்டாந்தான். காருக்குப் போடறது. இங்கதான் சார் எங்காளுங்க எல்லாரும் பண்ற கூத்து. லாரியில ரெண்டு பேட்டரி, ரெண்டும் சேந்துதான் வண்டிக்கு. காருக்கு ஒண்ணே ஒண்ணு. பாட்டு செட்டு வேணுமா, சீரியல் லைட்டு வேணுமா, சாமி படத்துக்கு பல்பு வேணுமா, காருச் சாமானா வாங்கி, ரெண்டுல ஒரு பேட்டரியில இருந்து மட்டும் ஒயரப் போட்டு இழுத்துக்குவோம். காலங்காலமா அப்டித்தான். சென்னியப்பனும் அப்டியே இழுத்தான். "அண்ணே, மிக்ஸி என்ன, மாவு மில்லே ஓட்டலாம்"ன்னான்.

ஹிரியூர்கிட்ட ஒரு பெட்ரோல் பங்கு, நம்ம தமிழ்நாட்டு வண்டியெல்லாம் நிக்கும். காத்தால அங்க நிறுத்தி, மிக்ஸிய வெளிய வெச்சு ஓட்டுனேன். கத்துச்சு சார் மிக்ஸி, வால மிதிச்ச பூன மாதிரி. ஆனா ஓடுச்சு. நாமக்கல்லுக்காரன், திருச்செங்கோட்டுக்காரன்னு கும்பலே கூடிருச்சு. எல்லாத்துக்கும் காரச்சட்னி. ஒருத்தன் விடாம வீடியோ புடிக்கறான். நான் அரைக்கறேன், அரைக்கறேன், அரைச்சுட்டே இருக்கறேன். சாந்தாமணி மட்டும் பின்னால நின்னுட்டு, "போதுமுங், மிசினுக்கு மிச்சம் வையுங்"ன்னு சொல்லிட்டே இருந்தா. கரண்டென்ன சாம்பாரா, அடியில மிச்சம் வெக்கறதுக்கு?

தின்னுபோட்டு மிசின மாட்டிட்டுப் படுத்தேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சது, கன்னத்துல பளார் பளார்னு அடி விழுகுது. முழிச்சா சாந்தாமணி. மூஞ்சில இருந்த மாஸ்க்கப் புடுங்கிட்டு அடிக்கறா. மிசின் பாதியில செத்துப் போச்சு. நான் மூச்சில்லாம கெடந்தனாம். சாவியப் போட்டா வண்டியும் கெளம்பல. ஒரு பேட்டரி காலி, சட்னியாப் போயிருச்சு. திருச்செங்கோட்டு வண்டியில இருந்து ஒயரு குடுத்துத்தான் கெளப்புனோம். வீடியோ எடுத்தவன் அதையும் எடுத்தான்.

அன்னிக்கு அவ ஒரு விடுகத கூடப் போடல. ரொம்ப தூரம் வந்த பொறவு சொன்னா. "எனக்குச் சட்னி வேண்டாமுங். எனக்கு நீங்க வேணும்." பாத்தீங்களா சார், ஒரு சட்னிக்கு எவ்வளவு பெரிய பேச்சு. 

பொறவு சேலத்துல ஒரு இன்வெர்ட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா நெம்ப வெவரம். நான் உள்ள போனதுமே இருக்கறதுலயே பெருசா ஒண்ணக் குடுங்கம்மான்னேன். "அண்ணே, என்னென்ன ஓட்டப் போறீங்க, அத மொதல்ல சொல்லுங்க"ன்னாங்க. நான் மிக்ஸி, குக்கரு, ஃபேனு, கரண்டு அடுப்புன்னு அடுக்கறேன். கரண்டு அடுப்புன்னதும் அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. "லோடு பாக்காம ஏத்துவீங்களாண்ணே?"ன்னாங்க. ஏத்துவமேன்னேன். சிரிச்சுட்டாங்க.

அப்புறம் அவங்க சொன்னதையும் உங்களுக்குச் சொல்லிடறேன், நாளைக்கு ஒதவும். லாரிக்கு வாங்குனா லாரி பேட்டரிக்குன்னே இருக்கறத வாங்கணும், ரெண்டு பேட்டரியும் சேந்து குடுக்கணும். ஒத்த மாட்டப் பூட்டி வண்டிய இழுத்தா ஒண்ணு ஓய்ஞ்சு போகும், இன்னொண்ணு சும்மா கொழுக்கும். மிக்ஸி மேல எழுதியிருக்கற வாட்டு நம்பரப் பாத்து ஏமாறக் கூடாது. ஏத்தத்துல நிறுத்தி எடுக்கறப்ப வண்டி எப்டித் திணறுது? அந்த மாதிரி மிக்ஸியும் சுத்த ஆரம்பிக்கறப்ப ரெண்டு மூணு பங்கு இழுக்கும். மிக்ஸி போடறதா இருந்தா இஞ்சின ஓடவிட்டுத்தான் போடணும். மூச்சு மிசினுக்கு வீட்டுக் கரண்டு மாதிரியே சுத்தமா வரணும், அதுக்குப் பேரு பியூர் சைன் வேவு. மட்டமானது போட்டா மிசின் சூடாகிக் கெட்டுப் போகும். ஒயரு தடியா, நீளங் கம்மியா இருக்கோணும், பேட்டரிகிட்டயே ஃபியூஸ் வெக்கோணும். பேட்டரி எறங்குனா தானா ஆஃப் ஆயி, வண்டி கெளப்ப மிச்சம் வெக்கோணும். சாந்தாமணி அப்ப என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க. நான் ஃபேனப் பாத்துட்டு நின்னுட்டேன்.

சண்ட அங்கயே ஆரம்பிச்சுது. அவ சின்னதே போதும்ங்கறா, மிசின் மட்டும் ஓடற அளவுக்கு. நான் பெருசுதான்ங்கறேன். உனக்கோசரந்தான புள்ள வாங்கறேன், மிக்ஸியும் ஓடணும், மிசினும் ஓடணும்னு நான் ஒத்தக் கால்ல நிக்கறேன். "மிசினு ஓடறப்ப மிக்ஸியத் தொடமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்"ன்னா. கடைக்குள்ள, சார். கல்லாவுக்கு மேல மாட்டியிருந்த முருகன் படத்தக் காட்டிச் சத்தியம் வாங்கிட்டுத்தான் விட்டா. பெருச வாங்கிட்டோம். நீங்க குத்தியிருக்கறீங்களே, அதான்.

அடுத்த ட்ரிப்புல சோலாப்பூர் தாண்டி, மத்தியானம் ஒரு புளியமரத்தடியில நிறுத்துனேன். மாஸ்க்க மாட்டுனா தும்பிக்க வெச்ச புள்ளையாரு மாதிரி இருப்பேன், அவ அப்பவுஞ் சிரிக்கல. சுச்சப் போட்டுட்டு, பக்கத்துல ஒக்காந்து, கைய நெஞ்சு மேல வெச்சுட்டா. நான் தூங்கிட்டேன். நல்ல தூக்கம் சார், அந்த மாதிரி நான் தூங்கி எத்தனையோ வருசம் ஆயிருக்கும். எந்திரிச்சா வெயிலு தாந்து போச்சு. மிசின் உஸ்ஸுன்னு ஓடிட்டு இருக்குது. அவ கதவோட சாஞ்சு, வாயப் பொளந்துட்டுத் தூங்கறா. கை மட்டும் என்ற மேலயே கெடக்குது.

கூப்புட்டேன், எந்திரிக்கல. சாந்தா, சாந்தான்னு ஒலுக்கறேன், அசைய மாட்டேங்கறா. சார், எனக்கு உசுரு போயிருச்சு. வெரல அவ மூக்குகிட்ட வெச்சுப் பாத்தேன். காத்து வருது. எடுத்தேன். மறுபடி சந்தேகமாப் போச்சு, மறுபடி வெச்சேன். அப்டியே பக்கத்துல ஒக்காந்துட்டேன். அவ மேல கைய வெச்சுட்டு, ஏறுதா எறங்குதான்னு பாத்துட்டே இருந்தேன். லோடு எறக்க நேரமாச்சு, கம்பெனில இருந்து போன் மேல போனு. எடுக்கவே இல்ல. அவ பொழுது சாஞ்ச பொறவுதான் முழிச்சா. முழிச்சதும் கேக்கறா, "நிக்காம ஓடுச்சுங்களா?" ஓடுச்சு புள்ளேன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. எனக்குச் சந்தோசம்னா அப்டியொரு சந்தோசம். அவ வியாதி அன்னிக்கோட சரியாப் போச்சு சார். டாக்டரப் பாத்தும் ஆகாதது ஒரு இன்வெர்ட்டருல ஆச்சு பாருங்க.

சந்தோசம் வீடு வந்து சேர்ற வரைக்குந்தான். வண்டிய நிறுத்துனதும் அவ தலகாணிய எடுத்தா, சேலப் பையை எடுத்தா, கேஸ் அடுப்ப எடுத்தா. என்ன புள்ள, கழுவறதுக்கான்னேன். "இனிமே நான் வரலீங். நீங்க போயிட்டு வாங்"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. ஏன்டி, இத்தன நா இடுப்பொடிய ஒரலுல இடிச்சுட்டு வந்த, இப்ப மிக்ஸி வந்த பொறவு வரமாட்டேங்கற? நான் என்ன குத்தம் பண்ணுனேன்? ஃபேனு வேணுமா? பெட்ட மாத்தோணுமா? கேட்டதுக்கெல்லாம் இல்லீன்னு தலைய ஆட்டறா. அப்புறம் மெதுவாச் சொல்றா சார், "எனக்கு லாரின்னாலே புடிக்காதுங். டீசல் வாடைக்கு வயித்தப் பொரட்டும். இடுப்பு வலி தாங்காது."

அப்ப எதுக்குடி இத்தன வருசம் வந்தேன்னேன்.

"சும்மாதானுங்"ன்னா. அடுப்ப எடுத்துட்டு உள்ள போயிட்டா.

கேட்டுக்குங்க சார். சும்மாவாம். அன்னையில இருந்து ஒண்டியாத்தான் ஓட்டறேன். ஓட்டறப்ப தூக்கம் ஒண்ணும் வர்றதில்ல, ஆனா வண்டிக்குள்ள சத்தமே இல்ல, அதான் என்னமோ போல இருக்குது. போன் போட்டாளா, மொதக் கேள்வி "மிசின மாட்டுனீங்களா"ன்னுதான். சாப்டீங்களாங்கறது அப்புறந்தான். அந்த மிசின் மேல இருக்கற அக்கறையில பாதி என் மேல இருந்தாத் தேவல.

நீங்க படிச்சவங்க, நாலு பேரப் பாத்தவங்க. நீங்க சொல்லுங்க. புடிக்காத வண்டியில, வயித்தப் பொரட்டிட்டு, ஒரு பொம்பள இத்தன வருசம் சும்மா வருவாளா? ஏதோ ஒண்ணு மறைக்கறா சார். எனக்கு அது மட்டும் நல்லாத் தெரியுது. என்னன்னுதான் புடிபட மாட்டேங்குது.